மேனேஜர் வண்டியின் புல்லி

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தவளுக்கு மேனேஜரின் செருப்புகள் மட்டும் தெரிந்தன.

செருப்புகள் உத்தரவு போட்டன.

"இடது பக்கம் திருப்புற. போல்ட்டை வலது பக்கம் திருப்பணும். பி.எஸ்சி. படிச்சவளுக்கு எது வலதுன்னு தெரியல."

கீழே படுத்து அண்ணாந்து பார்ப்பவளுக்கு எது வலமோ, மேலே நின்று குனிந்து பார்ப்பவருக்கு அது இடம். அவள் இதை விளக்கவில்லை. கல்யாணமான புதிதில் சில விஷயங்களை விளக்கிப் பார்த்திருக்கிறாள்.

ஸ்பேனரைத் தன் வலத்துக்கே திருப்பினாள்.

மேனேஜர் அவளுடைய கணவர். குடோன் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கம்பக்கத்தில் இன்னும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவரும் யாரையும் திருத்தவில்லை. குடோன் போன பிறகு வீட்டைச் சுற்றியிருந்த புல்வெளிதான் ஆபீஸ். ஏறி உட்கார்ந்து ஓட்டும் இந்தப் புல் வெட்டும் வண்டிதான் நாற்காலி. காலையில் தொப்பியை மாட்டிக்கொண்டு ஏறினால் இறங்க இரண்டு மணி நேரம் ஆகும்.

தினமும் ஏறினார். புல்லுக்கு வளர அவகாசமே கிடைத்ததில்லை.

அந்த இரண்டு மணி நேரத்தில் அவள் வீட்டுக்குள் ஒன்றும் செய்வதில்லை. டீ போட்டுக் குடிப்பாள். காலை நீட்டி உட்கார்ந்து சுவரைப் பார்ப்பாள். சுவர் அவளை ஒன்றும் கேட்காது.

போன வாரம், இதே போல்ட் லேசாக ஆடுகிறது என்று சொல்லி மேனேஜர் வண்டியின் அடியில் கையை விட்டு, நின்ற வாக்கிலேயே தன் வலத்துக்கு நன்றாக முறுக்கினார். அதாவது, தளர்த்தினார்.

மறுநாள் புல்வெளியின் நடுவில் இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது, வண்டி நகரவில்லை. இன்ஜின் சுழற்சியை பெல்ட் வழியாகச் சக்கரங்களுக்கு அனுப்பும் புல்லி கழன்று கீழே கிடந்தது.

"புல் வண்டியோட புல்லி புல்லுலதான கிடக்கும்" என்று சொல்லி அவரே சிரித்தார். போனில் தங்கையிடமும் சொன்னார். தங்கை சிரிக்காததால் இன்னொரு தடவை சொன்னார்.

பிறகு சமையலறைக்குள் வந்தார்.

வெங்காயத் தோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சேதாரம் அதிகம் என்றார். டப்பாக்களை உயர வரிசைப்படி அடுக்கினார். உப்பும் சர்க்கரையும் ஒரே உயரம் என்பதால் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. அன்றைய டீயில் அது தெரிந்தது. அவள் அடுப்பைப் பற்றவைத்தால் முதுகுக்குப் பின்னால் "உம்" என்றார். அணைத்தால் அதற்கும் ஒரு "உம்."

நேற்று சாப்பிட்டுக் கை கழுவும்போது முடிவைச் சொன்னார்.

"நாளைக்குள்ள சரியாகலைன்னா வண்டியை எடைக்குப் போட்டுடலாம். இனிமே நான் உன்கூட உள்ளயே இருக்கேன். பாவம், நீயும் ஒத்தையா எவ்வளவுதான் பாப்ப?"

அவள் கழன்ற புல்லியைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

இன்று காலை உதிரிபாகக் கடைக்காரர் பூட்டைத் திறக்கும் முன்பே அவள் வாசலில் நின்றிருந்தாள். பழைய புல்லியின் துளை தேய்ந்துபோயிருந்தது. புதிது வாங்கிக்கொண்டு வந்தவள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக வண்டிக்கு அடியில் போய்விட்டாள்.

சாவியைத் தர மேனேஜர் மறுத்துவிட்டார். அது அவர் விரலில் குலுங்கிக்கொண்டே இருந்தது. அதனால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி பிளக் ஒயரை முதலிலேயே உருவி வைத்திருந்தாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் இந்த அளவு முன்னெச்சரிக்கை தானாக வந்துவிடும்.

புதுப் புல்லியை ஷாஃப்ட்டில் ஏற்றி, இரண்டும் தனித்தனியாகச் சுற்றிவிடாமல் பிடித்துக்கொள்ளும் சின்ன இரும்புத் துண்டையும் செருகியாயிற்று. பெல்ட்டை மாட்டியாயிற்று. பெல்ட்டில் கொஞ்சம் தொய்வு இருந்தது. அதை ஸ்பிரிங் இழுத்துப் பிடித்துக்கொண்டது. மீதி இருந்தது இந்த போல்ட் மட்டும்தான்.

"போதும், போதும். ரொம்ப முறுக்காத, ஒடிஞ்சிடும்" என்றன செருப்புகள்.

"சரிங்க" என்று சொல்லிவிட்டு இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினாள்.

வெளியே வந்து ஜாக்கியை இறக்கினாள். பிளக் ஒயரை மாட்டினாள். கையெல்லாம் கிரீஸ்.

மேனேஜர் தொப்பியை மாட்டிக்கொண்டு ஏறினார். இன்ஜின் பழைய மாதிரியே கத்தியது. அவருக்கு அது போதும். வண்டி அசைந்து, புல்லின் மேல் ஊர்ந்தது.

"முன்னெல்லாம் குதிரை மாதிரி தூக்கித் தூக்கிப் போடும். இப்ப எவ்வளவு பதவிசா போகுது பாரு" என்று வண்டி மேலிருந்து கத்தினார். "நான் பக்கத்துல நின்னு சொல்லச் சொல்ல செஞ்ச பாரு, அதான்."

"ஆமாங்க."

அவள் கையைக் கழுவிவிட்டு டீ போட்டாள். காலை நீட்டி உட்கார்ந்தாள்.

டீ தீர்ந்தது. இன்னொன்று போட்டுக் குடித்தாள். வழக்கமாக அவர் தொப்பியைக் கழற்றியபடி உள்ளே வரும் நேரமும் தாண்டியது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். மேனேஜர் பாதிப் புல்வெளியைக்கூடத் தொட்டிருக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, ஊர்வலத்தில் வருபவர் போல வந்துகொண்டிருந்தார்.

இன்ஜினில் இருக்கும் புல்லி எவ்வளவு சிறியதோ, வண்டி அவ்வளவு மெதுவாகப் போகும். பி.எஸ்சி.யில் அதற்கு ஒரு கணக்கு உண்டு.

காலையில் கடைக்காரர் பழைய புல்லியை வாங்கிப் பார்த்துவிட்டு, இதே சைஸ்தானே என்று கேட்டார்.

அவள் சற்று யோசித்தாள்.

"இருக்கறதுலயே சின்னது குடுங்க தம்பி."