தொடை வழியா, நெஞ்சு வழியா?

“சின்ன ஓட்டையெல்லாம் வேண்டாம் டாக்டர். பழையபடி நடு நெஞ்சைத் திறந்தே வால்வை மாத்திடுங்க.”

எதிரே இருந்த அம்மாள் இப்படிச் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. தழும்பு தெரியாத இதய ஆபரேஷன் என்றால் நான்தான் என்று ஊரே சொல்லும். ஊர் சொல்ல மறந்தால் நானே சொல்லிக்கொள்வேன்.

“பயப்படாதீங்கம்மா. ஆபரேஷன் நடக்கும்போது இதயத்தோட வேலையை ஒரு மெஷின் பார்க்கும். மெஷின்லேர்ந்து ரத்தம் உடம்புக்குள்ள போக ஒரு குழாய் சொருகணும். அதைத் தொடை ரத்தக்குழாய் வழியா விட்டுட்டா நெஞ்சுல குழாய் நெரிசல் இருக்காது. பக்கவாட்டுல சின்னதா ஒரு வெட்டு போதும்.”

“தொடைக் குழாய் சரியில்லைன்னா?”

“ஸ்கேன் பார்த்துட்டேன். உங்களுக்கு அது ராஜபாட்டை.”

“ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன்.”

“தோளுக்குக் கீழ ஒரு குழாய் இருக்கு. அது வழியா விடலாம்.”

“அதுவும் சரியில்லைன்னா?”

“அப்பதான் நெஞ்சை நடுவுல திறந்து, இதயத்துலேர்ந்து கிளம்புற பெரிய குழாய்லயே நேரா சொருகணும்.”

“அதையே பண்ணுங்க.”

படம் வரைந்து காட்டினேன். என் வீடியோவையும் போட்டேன்; அதில் இதயத்தைவிட என் முகம்தான் அதிகம் தெரியும். நெஞ்செலும்பு சேர மாசக்கணக்காகும், இருமினாலே உயிர் போகும் என்று பயமுறுத்தியும் பார்த்தேன். அம்மாள் மசியவில்லை.

“என்மேல நம்பிக்கை இல்லையாம்மா?” என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

அவர் கதவை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். வெளியே அவரை அழைத்து வந்த மகள் உட்கார்ந்திருந்தாள். காலேஜில் படிக்கிற பெண்.

“இவளுக்குக் கைக்குழந்தையிலேயே இதய ஆபரேஷன் ஆச்சு டாக்டர். நெஞ்சுல மேலேர்ந்து கீழ வரைக்கும் கோடு. லீவுக்கு வந்தா, எவ்வளவு புழுங்கினாலும் கழுத்து வரைக்கும் மூடிட்டுத்தான் வீட்டுல திரியறா. பெத்தவ நான் மட்டும் தழும்பே இல்லாம அவ முன்னாடி எப்படி நடமாடறது? எனக்கும் அதே கோடு இருக்கட்டும். அவளுக்கு ஒரு துணையா இருக்கும்.”

இந்த அம்மாளையா விவரம் தெரியாதவர் என்று நினைத்தேன்?

“உங்களைத் தேடிப் பிடிச்சதே அவதான். நானா கேட்டேன்னு தெரிஞ்சா சும்மா விடமாட்டா. தொடைக் குழாய் சரியில்லை, உங்களால முடியலைன்னு நீங்களே சொல்லிடுங்க டாக்டர்.”

என்னால் முடியவில்லை என்று நான் யாரிடமும் சொன்னதே கிடையாது. என் மனைவி சாட்சி. ஆனாலும் எழுந்து வெளியே போனேன்.

“உங்கம்மாவுக்குத் தொடைக் குழாய் சரியில்லைம்மா. என்னால முடியாது. நெஞ்சைத் திறந்துதான் பண்ணணும்.”

மகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ராஜபாட்டைன்னு நேத்துதானே போன்ல சொன்னீங்க? போனை வைக்கவே விடாம பெருமையா பேசினீங்களே டாக்டர்.”

நுணலும் தன் வாயால் கெடும்.

“அம்மா சொல்லச் சொன்னாங்களா? எனக்குத் துணையா அவங்களும் தழும்பு வாங்கிக்கறாங்களாக்கும்?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். பொய் சொல்வதிலும் எனக்குப் பயிற்சி போதவில்லை.

“நீங்க தொடை வழியாவே பண்ணுங்க. நான் அம்மாகிட்ட பேசிக்கறேன்” என்று எழுந்தாள். “எனக்கு இந்தத் தழும்பால வெட்கமே கிடையாது டாக்டர். ஹாஸ்டல்ல இஷ்டம்போலத்தான் உடுத்தறேன், நீச்சலுக்குக்கூடப் போறேன். வீட்டுல மட்டும்தான் மூடிக்கறேன். இதைப் பார்த்தா அம்மா அழறாங்க.”