ஹைபிரிட் வாங்க வந்த கூட்டம்

ஷோரூமில் ஒரே ஒரு ஹைபிரிட் கார்தான் நின்றது. அதைச் சுற்றி முப்பது பேர். டயரை உதைத்துப் பார்க்கிறவர், பக்கக் கண்ணாடியில் தலை வாரிக்கொள்கிறவர், பெட்ரோல் மூடியைத் திறந்து மோந்து பார்க்கிறவர் என்று ஆளுக்கொரு ஆராய்ச்சி.

உள்ளே நுழைந்த நிருபர், மோதிரத்தைத் திருகிக் கல் மேலே தெரியும்படி வைத்துக்கொண்டார். மச்சானிடம் இரவல் வாங்கிய மோதிரம். கார் வாங்குகிற ஆள் மாதிரி இருக்க வேண்டுமே.

காலையில் ஆசிரியர் இரண்டு போட்டிப் பத்திரிகைகளை மேசைமேல் விரித்திருந்தார். ஒன்றில், 'ஹைபிரிட் காருக்கு அலைமோதும் கூட்டம்'. மற்றதில், 'ஹைபிரிட் விற்பனை படுத்துக்கொண்டது'. இரண்டிலும் ஒரே படம்.

"ரெண்டுல எதுய்யா நிஜம்? காசு கொடுத்து வண்டி வாங்கின ஒரே ஒரு ஆளைப் பிடி. அஞ்சு மணிக்குள்ள பேட்டியோட வந்தா முதல் பக்கம், உன் பேர் போட்டு. இல்லேன்னா நாளையிலேர்ந்து ராசிபலன் நீதான் எழுதற."

அந்த ஆபீசில் ராசிபலன் எழுதப் போனவர் யாரும் செய்திப் பக்கத்துக்குத் திரும்பி வந்ததில்லை.

கழுத்தில் டையும் கையில் நோட்டுமாக விற்பனையாளர் வந்து நின்றார்.

"மைலேஜ் எப்படிங்க?" என்றார் நிருபர்.

"லிட்டருக்கு இருபத்தெட்டுன்னு நிறுவனத் தரப்புல கூறப்படுதுங்க சார்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"அதுல என் கருத்தைச் சொல்றது முறையில்லீங்களே."

விற்கிறவனே சத்தியம் பண்ணத் தயங்குகிற வண்டி. நிருபரின் சந்தேகம் ஒரு சுற்றுப் பெருத்தது. "புக்கிங் எப்படி?"

"இதுவரைக்கும் நாற்பத்திரண்டு பேர் பேர் கொடுத்திருக்காங்க. பேர் கொடுக்கக் காசு கிடையாது. உங்களை நாற்பத்து மூணுன்னு போட்டுக்கட்டுமா? ஹைபிரிட் ஏன் வேணும்னு தோணுச்சு? ரெண்டு வரி சொன்னீங்கன்னா அதையும் எழுதிக்கறேன்."

நிருபர் வாய்க்கு வந்த ரெண்டு வரியைச் சொல்லிவிட்டுக் கூட்டத்தின் பக்கம் காதைத் திருப்பினார். அரை மணி நேரமாகியும் ஒருவர்கூட விலை கேட்கவில்லை. வாங்க வந்தவன் விலை கேட்காமல் இருப்பானா? வாடகைக் கூட்டம்தான். தலைக்கு இவ்வளவு என்று பேசி வண்டியில் ஏற்றிவந்து இறக்கியிருக்கிறார்கள். முதல் பக்கம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது.

பக்கத்தில் தொப்பையும் வெள்ளைச் சட்டையுமாக ஒருவர் நின்றிருந்தார். தன்னைக் கட்டட காண்டிராக்டர் என்று சொல்லிக்கொண்டார். காலில் புத்தம்புது ஷூ. விலைச் சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.

"அண்ணே, ஹைபிரிட்தான் வேணும்னு எப்படி முடிவு பண்ணீங்க?" நிருபர் தூண்டிலைப் போட்டார்.

"அது கிடக்கட்டும் தம்பி. நீங்க எப்படி முடிவு பண்ணீங்க?"

"நான் அப்புறம் சொல்றேன். அண்ணி கேட்டாங்களோ?"

"உங்க வீட்டுல என்ன சொல்றாங்க? தைரியமா மனசு விட்டுச் சொல்லுங்க, பேர் போடமாட்டேன்."

நிருபர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எதுல போடமாட்டீங்க?"

காண்டிராக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார். நிருபரின் சட்டைப்பையிலிருந்து எட்டிப் பார்த்த குறிப்பேட்டை அப்போதுதான் கவனித்தார். பெருமூச்சு விட்டார்.

"நீங்க எந்தப் பேப்பர் தம்பி? அலைமோதுதுன்னு எழுதினது நான்தான். எழுதி முடிச்சப்புறம், அலைமோதினவங்கள்ல ஒருத்தனைக் கூட்டிட்டு வான்னு எங்க ஆசிரியர் கழுத்தைப் பிடிக்கிறார்."

"அப்ப அந்த நீலச் சட்டை?"

"படுத்துக்கிச்சுன்னு எழுதினவன். படுத்த இடத்தைக் காட்டச் சொல்லி அனுப்பியிருக்காங்க."

"டயரை உதைக்கிறவர்?"

"வாரப் பத்திரிகை. போன வாரத்திலேர்ந்து உதைச்சிட்டிருக்கார்."

"அதோ, அந்த அம்மா?"

"ரேடியோ. கைப்பையில மைக் இருக்கு. கிட்டப் போய் இருமிடாதீங்க."

நிருபர் கூட்டத்தை மறுபடி ஒரு சுற்றுப் பார்த்தார். அத்தனை பேர் சட்டைப்பையிலும் பேனா. பட்டியலில் இருக்கும் நாற்பத்து மூன்று பேரும் எழுதுகிற ஜாதி. ஓட்டுகிற ஜாதி ஒன்றுகூட இல்லை. இதில் தானும் ஒருவர் என்பதால் வாய்விட்டுச் சிரிக்கவும் முடியவில்லை.

மணி நாலே முக்கால். மேஷம் முதல் மீனம் வரை பன்னிரண்டும் நிருபரின் கண்முன் வரிசையாக வந்து நின்றன.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? விற்பனையாளரைக் கையைப் பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"சார், உங்ககிட்ட மறைக்க விரும்பலை. நான் பத்திரிகைக்காரன். வந்திருக்கிற எல்லாருமே பத்திரிகைக்காரங்கதான். உங்க கையால ஒரு வண்டியாவது வித்திருப்பீங்கல்ல? வாங்கினவரோட போன் நம்பரை மட்டும் கொடுங்க. ஆயுசுக்கும் மறக்கமாட்டேன்."

விற்பனையாளர் இரண்டு பக்கமும் பார்த்தார். டையைத் தளர்த்திக்கொண்டு, நிருபரின் காதருகே குனிந்தார்.

"ஒண்ணே ஒண்ணு வித்திருந்தாலும், நான் எப்பவோ எங்க டி.வி. ஆபீசுக்குத் திரும்பிப் போயிருப்பேன் சார்."