படம் விட்டு வரும் வழியில்

கொல்லங்கோட்டில் மேட்டினி விட்டு, வண்டி கடைவீதியைத் தாண்டிய பிறகும் குப்பண்ணன் ஒன்றும் பேசவில்லை.

பின்னால் வைக்கோல் மேல் உட்கார்ந்திருந்த மருதாத்தாள் காத்திருந்தாள். வழக்கமாக ரயில் கேட்டை நெருங்கும் முன்பே அவள் புருஷன் கதையைத் தொடங்கிவிடுவார்.

இந்த மாதத்தில் இது நான்காவது படம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அதற்கு முன் இருவரும் சேர்ந்து ஒரு படம்கூடப் பார்த்ததில்லை.

குப்பண்ணன் கதை சொல்லும் விதமே தனி. இரண்டாவது வாரம் அண்ணன் தம்பி பங்குச் சண்டைப் படம். "பெரியவன் சலவை வேட்டி கட்டீட்டு சேத்துல ஏரு ஓட்டறான் புள்ளை. ஒரு பொட்டு சேறு ஒட்டல. அந்த நெலத்துல என்னத்த வெளையும்?" என்று வழியெல்லாம் நொந்துகொண்டார். சின்னவனின் பெண்டாட்டி மட்டும் அவருக்குப் பிடித்திருந்தது. அவள்தான் நியாயம் பேசினாளாம்.

மூன்றாவது வாரம் மலையாளப் படம். ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் கதை. வாத்தியார் சாகிற இடத்தைச் சொல்லும்போது மாட்டை அதட்டுவதுபோலத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

யார் யாரைக் கட்டினார்கள், எந்தப் பாட்டுக்கு எந்த நிறச் சேலை என்பதுவரை விடாமல் சொல்வார். இந்த வயதில் மனுஷனுக்கு சினிமாப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று மருதாத்தாள் நினைத்தாள். அது அவளுக்கு வசதியாகவும் இருந்தது.

ஏனென்றால் நான்கு படத்தில் ஒன்றைக்கூட அவள் பார்க்கவில்லை.

கொட்டகையில் பெண்கள் பகுதி தனி. நடுவில் இடுப்புயரச் சுவர். கடைசி பெஞ்சில், ஓரமாக, பழனாத்தாள் உட்கார்ந்திருப்பாள்.

பழனாத்தாள் அவர்களுடைய ஒரே மகள். கிணற்று மோட்டார் பழுதுபார்க்க வந்த நெம்மாறைப் பையனோடு போய் ஒன்றரை வருடமாகிறது. மலையாளத்துப் பையன், வேறு சாதி. அன்றைக்குக் குப்பண்ணன் அதே கிணற்றில் இறங்கித் தலை முழுகிவிட்டு, "இனி அவ பேச்சு இந்த ஊட்டுல வரக் கூடாது" என்றார். வரவில்லை.

வளையல் கடை ஐசும்மாதான் மருதாத்தாளின் காதில் போட்டாள். பழனாத்தாள் ஞாயிற்றுக்கிழமை மேட்டினிக்கு வருகிறாள், மாசமாக இருக்கிறாள்.

அந்த ஞாயிறு மருதாத்தாள் பயந்துகொண்டேதான் கேட்டாள். "ஏனுங்க, ஒரு படத்துக்குப் போலாங்களா?"

திட்டுவார் என்று நினைத்தாள். அவர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியைப் பூட்டினார்.

விளக்கு அணைந்ததும் தாயும் மகளும் கையைப் பிடித்துக்கொள்வார்கள். பேச்செல்லாம் பாட்டு வரும்போதுதான். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. சண்டைக் காட்சியில் மருதாத்தாள் மடியிலிருந்து கடலை உருண்டையை எடுத்து மகளுக்கு ஊட்டுவாள்.

இன்றைக்குப் பழனாத்தாள் அம்மாவின் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். உள்ளே ஒன்று உதைத்தது.

மருதாத்தாள் முகத்தைத் திரைப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். கொட்டகை முழுக்க அப்போது ஏதோ ஒரு கோமாளித்தனத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தது.

முதல் வாரம்தான் கஷ்டமாக இருந்தது. வீடு வந்து சேர்ந்ததும் ஓரகத்தி சின்னத்தாயி வாசலிலேயே மடக்கினாள். "என்ன கதைங்கக்கா? சொல்லுங்க." தலைவலியில் தூங்கிவிட்டேன் என்று மருதாத்தாள் உளறினாள். சின்னத்தாயி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பாடு இல்லை. வழியில் காதில் விழுந்த கதையை அப்படியே ஒப்பித்துவிடுவாள்.

இன்று அவர் வாயைத் திறப்பதாகவே தெரியவில்லை.

மேற்கே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வயலைத் தாண்டினால் வீடு. சின்னத்தாயி நிற்பாள்.

"ஏனுங்க," என்றாள் மெல்ல. "படம் எப்படி இருந்துச்சுங்க?"

அவர் திரும்பவில்லை.

"இன்னிக்கு நானும் படம் பாக்கல புள்ளை."

அந்த 'நானும்' மருதாத்தாளின் காதிலேயே நின்றது.

முதல் வாரம் சின்னத்தாயியிடம் அவள் திணறியபோது, அவர் பக்கத்திலேயே மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. இன்றைக்கு இடைவேளையில் விளக்குப் போட்டபோது சுவருக்கு அந்தப்புறம் அவர் எழுந்து நின்றதும்கூட. பீடி பிடிக்கப் போகிறார் என்று அவள் நினைத்திருந்தாள்.

வண்டி கொஞ்ச தூரம் போயிற்று.

"எத்தன மாசம்?"

"ஏழு நடக்குதுங்க."

குப்பண்ணன் தலையை ஆட்டினார். பாதை குண்டும் குழியுமாக இருந்த இடத்தில் கீழே இறங்கி, மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். எவ்வளவு மெதுவாக நடத்தியும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து தூக்கிப் போட்டது. மருதாத்தாள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் நின்று சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம வண்டி ஆகாது. குலுக்கும்," என்றார். "அந்தப் பையனையும் கூட்டீட்டு பஸ்ஸுல வரச் சொல்லு."