பின்னிருக்கைத் தூக்கம்

"ஒரு தடவை விழுந்து தோள் எலும்பை உடைச்சுக்கிட்டவ, மறுபடியும் அதே வண்டியில ஏறி எப்படிடா தூங்குறா?"

தம்பி மனைவியைப் பற்றி அக்கா இப்படிக் கேட்க, தம்பி வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு நழுவினான்.

சென்ற மழைக்காலத்தில், பாலத்திலிருந்து இறங்கும் வளைவில், அவனுடைய மோட்டார் சைக்கிள் சறுக்கிக் கணவன் மனைவி இருவரையும் தார்ச்சாலையில் இழுத்துக்கொண்டு போனது. அவன் சிராய்ப்போடு தப்பினான். எலும்பு முறிந்தது அவளுக்கு.

அன்று முதல் வளைவைக் கண்டாலே அவன் ஊர்ந்துதான் போவான். ஆனால் வீடு வீடாகப் போய்ச் சலவை இயந்திரம் பழுது பார்ப்பவன், வண்டியை விட்டுவிட்டுப் பிழைப்பது எப்படி?

தேய்ந்த டயரைக் கழற்றிப் புதியது மாட்டிக் கொடுத்த மெக்கானிக், சில வாரம் கழித்து அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"நடுவுல மட்டும் ரோட்டுல பட்டிருக்கு. ரெண்டு ஓரமும் கடையில வாங்கின பளபளப்பு போகாம அப்படியே இருக்கு. வண்டியைச் சாய்க்கவே மாட்டீங்களா தம்பி?"

சாய்த்தால் சறுக்கிவிடுமே என்று முனகினான் அவன். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், உள்ளே போனபின் பிரேக்கை அழுத்தக்கூடாது, போகவேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் அவர் பொறுமையாக விளக்கினார்.

"டயர் ரோட்டைப் பிடிச்சுக்கும். நீங்கதான் அதை நம்ப மாட்டேங்கிறீங்க."

நம்பிக்கையை அவரால் மாட்டிவிட முடியவில்லை.

எலும்பு கூடி மருத்துவமனை வேலைக்குத் திரும்பிய அன்றே, நர்ஸான அவன் மனைவி பின்னால் ஏறி உட்கார்ந்தாள். ஒரு கை பின்பக்கக் கம்பியைப் பற்றியிருக்கும். பாலம் வருவதற்குள் அவளுடைய ஹெல்மெட் அவன் முதுகில் சாய்ந்துவிடும். மருத்துவமனை வாசலில் கொட்டாவியோடு இறங்குவாள்.

"அதுக்குள்ள வந்துட்டமா?"

அக்காவுக்கு இது பொறுக்கவில்லை. அவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்ட, இவளுக்குத் தாலாட்டுக் கேட்கிறதா என்று பார்ப்பவரிடமெல்லாம் புலம்பினாள்.

அவனுக்கோ கோபம் வரவில்லை. இப்படி நம்பித் தூங்குகிறவளை இன்னொரு முறை கீழே போடக்கூடாது என்ற நினைப்பே வந்தது. நாளுக்கு நாள் வண்டியைச் சிறிது சிறிதாகச் சாய்த்துப் பழகினான்.

அப்புறம் ஒரு நாள் காலையில் மழை கொட்டித் தீர்த்தது.

பாலத்தின் இறக்கம் கண்ணாடியாய் மின்னியது. பின்னால் ஒரு பேருந்து ஹாரனை அலறவிட்டது. அவன் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்தான். பிரேக்கிலிருந்து விரல்களைப் பிரித்தெடுத்தான். வளைவின் மறுமுனையில் கண்ணைப் பதித்து வண்டியைச் சாய்த்தான்.

ஒரு கணம், காலுக்கடியில் பூமியே இல்லாததுபோல் இருந்தது.

டயர் சாலையைக் கவ்விக்கொண்டது. வண்டி வளைந்து நிமிர்ந்தது. முதுகில் சாய்ந்திருந்த ஹெல்மெட் அசையவே இல்லை.

"அதுக்குள்ள வந்துட்டமா?" என்று கேட்டு இறங்கியவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அவன் விசிலடித்துக்கொண்டே போனான்.

தெருமுனையில் அவன் மறையும்வரை கையசைத்தவள், உள்ளே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கம்பியை இறுக்கிய உள்ளங்கை கன்றிச் சிவந்திருந்தது. விரல் நடுக்கம் அடங்கும்வரை அவள் ஊசியைத் தொடமாட்டாள் என்பது மூத்த நர்ஸுக்குத் தெரியும். வழக்கம்போல் அவளுடைய முதல் நோயாளியைத் தானே கவனித்துவிட்டு, தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு இப்படிச் செத்துச் செத்து வரணுமாடி? பேசாம பஸ்ல வாயேன்."

அவள் தண்ணீரைக் குடித்து முடித்தாள்.

"நான் பின்னால தூங்கினாத்தான்க்கா, அவருக்கு வண்டி ஓட்ட வருது."