ஆணி நிற்காத மரம்

காலை ஏழு மணிக்கு, இரண்டே கட்டைகள் மிச்சமிருந்த மரவாடிக்கு மீனவர் சவரிராயன் வந்தார். கிடந்தவை தேக்கும், பெருமரம் என்ற லேசான மென்மரமும். இன்று விலைபோகாவிட்டால் பெருமரம் தீக்குச்சி ஆலைக்குப் போய்விடும்.

அவர் நகத்தால் அழுத்தியதும் பெருமரத்தில் பள்ளம் விழுந்தது.

“நகத்துக்கே இந்தக் கதியா? ஆணி அடிச்சா நிக்குமா தம்பி?” என்று சிரித்தது தேக்கு.

“நிக்காதுண்ணே. போன வழியே வந்துடும்,” என்று பயத்தில் உண்மையைச் சொல்லிவிட்டது பெருமரம்.

“கட்டுமரத்துக்கு ஆணி எதுக்குலே? கயித்தாலதானே கட்டுவோம்,” என்றார் சவரிராயன். தேக்கைத் தூக்கப் பார்த்தார், அசையவில்லை. “தினமும் அவுத்துக் கரையில காயப்போடணும். உன்னைத் தூக்க எவன் வருவான்?”

பெருமரத்தை வண்டியில் ஏற்றச் சொன்னார்.

ஏப்ரல் 9ஆம் தேதி அது வேறு கட்டைகளோடு கட்டுமரமாகி, மூன்று பேரைச் சுமந்து கடலுக்குள் போனது.