வளர்ற பிள்ளை

கட்டிலின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவன் உதட்டைப் பிதுக்கினான்.

"இது மரமில்ல தம்பி. மரத்தூளை ஒட்டி மேல பவுடர் பூசியிருக்கான்."

கடைக்காரன் சிரித்துவிட்டான். சுமை தூக்குகிறவரிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

ஊரார் வீட்டுக் கட்டிலையும் பீரோவையும் மாடிக்கு ஏற்றி இறக்கியே காய்த்துப்போன தோள் அவனுடையது. எது தேக்கு, எது வேஷம் என்று கை சொல்லிவிடும். அவன் வீட்டில் மட்டும் இதுவரை ஒரு கட்டில் கிடையாது.

இப்போது மகளுக்கு வேண்டும். ஏழு வயது. அப்பா அம்மா இருவருக்கும் நடுவில் பாயில் படுத்துக்கொண்டு, "அப்பா தூக்கத்துல லாரி ஓட்டுறாரு, எனக்குத் தனி ரூம் குடுங்க" என்று நச்சரித்தவள்.

தட்டுமுட்டுச் சாமான் அடைத்துக்கிடந்த பின்னறையை ஒழித்து, மஞ்சள் வண்ணம் அடித்தாயிற்று. மகளுக்குத் துணையாகச் சித்தியை வைத்துவிட்டுத்தான் புருஷனும் பெண்டாட்டியும் கிளம்பி வந்திருந்தார்கள்.

மனைவி எதையும் தூக்கிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு கட்டிலையும் ஒட்டிப் போய் நின்றாள். பிறகு அடுத்ததற்கு நகர்ந்தாள்.

ஆஸ்பத்திரியில், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் புரட்டித் துடைத்துவிடும் வேலை அவளுக்கு. வீட்டுக்கு வந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வார்டில் இருக்கும் தாழ்ந்த கட்டில்களைத்தான் முதலில் திட்டுவாள். இங்கே அவள் ஒட்டி ஒட்டி நிற்பதை, ராத்திரி வேலை முடித்து வந்த அசதி என்று அவன் நினைத்துக்கொண்டான்.

கடைக்காரன் இரண்டு கட்டில்களைக் காட்டினான். ஒன்று சிறியது, தலைமாட்டில் முயல் செதுக்கியது. இன்னொன்று ஆள் படுக்கும் நீளம்.

"வளர்ற பிள்ளைண்ணே. பெருசாவே எடுத்துடுங்க."

அது கடைக்காரனுடையதல்ல, அவனுடைய சொல். செருப்புக் கடையிலும் துணிக்கடையிலும் அவன் சொல்லிச் சொல்லித் தேய்ந்த சொல். மகளின் செருப்பு நுனியில் எப்போதும் காகிதம் திணித்திருக்கும். பாவாடை விளிம்பு இரண்டு மடிப்பாகத் தைத்திருக்கும்.

"இது எனக்காப்பா, இல்ல அடுத்த வருஷத்து எனக்கா?" என்று இடுப்பில் கைவைத்துக் கேட்பாள், வாயாடி.

"இப்ப இருக்கிற அளவுக்குப் போதும்," என்று இப்போது அவன் வாயை விட்டான்.

மனைவி திரும்பிப் பார்த்தாள்.

அவன் குனிந்து முயல் கட்டிலின் காலை ஆட்டிப் பார்த்தான்.

போன மாதம் பெரிய டாக்டர் அவனை மட்டும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார். பிள்ளை மழைக்காலம் வரை தாங்காது, ஆசைப்பட்டதை வாங்கிக் கொடுங்கள் என்றார். மனைவி அப்போது வெளியே பெஞ்சில் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். "சத்துக் குறைவாம், டானிக்ல சரியாயிடுமாம்" என்று அவளிடம் சொன்னான். பொய் வராத வாய் அவனுக்கு. அன்றைக்கு மட்டும் ஒரு இடத்தில்கூடத் தட்டவில்லை.

"ரூம் சின்னதுல்ல, அதான்," என்று இப்போது இழுத்தான்.

அவள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"நீளம் கிடக்கட்டும். உயரமா இருந்தா காட்டுங்க தம்பி."

அப்பாடா என்று இருந்தது அவனுக்கு. அவளுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

மூலையில் ஒரு பழைய பாணித் தேக்குக் கட்டில் கிடந்தது. பெரியவர்களே கால் தொங்கப்போட்டு உட்காரும் உயரம். அவன் கால்மாட்டைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான். நல்ல மரம். பேரப்பிள்ளை காலம் வரைக்கும் உழைக்கும்.

அவள் அதை ஒட்டி நின்றாள். மேல்சட்டம் அவள் இடுப்புக்குச் சரியாக வந்தது.

பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு தலையணையை எடுத்து மெத்தைமேல் நீளவாக்கில் கிடத்தினாள். ஒரு கையை அதன் மேல்பக்கத்துக்கு அடியில் கொடுத்தாள், மறு கையைக் கீழ்ப்பக்கத்துக்கு. அலுங்காமல் தன் பக்கமாகப் புரட்டி, வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். அப்படியே, ஒரு கையை மட்டும் எடுத்து, அடியிலிருந்த விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

குனியவே இல்லை.

"இதுதான் சரி," என்றாள், யாரையும் பார்க்காமல்.

அவன் கால்மாட்டைப் பிடித்த கையை எடுக்க மறந்து நின்றான்.

கடைக்காரன்தான் பதறினான். "அக்கா, இந்த உயரத்துக்குப் பாப்பா தானா ஏறாது. படி வச்ச ஸ்டூல் ஒண்ணு இருக்கு, சேர்த்துத் தர்றேன்."

அவள் தலையணையை மெல்ல மல்லாத்தி, பழையபடி கிடத்தினாள்.

"ஸ்டூல் வேணாம் தம்பி."