நாலு முழம் மல்லி

அமராவதி டீச்சர் கரும்பலகையில் கணக்கு எழுதினார்: "ஒரு முழம் 45 செ.மீ. பூக்காரியின் கை 36 செ.மீ.தான். நாலு முழம் வாங்கினால் எவ்வளவு குறையும்?"

"காலையில சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுல நான் ஏமாந்த கணக்குதான்" என்று சிரித்தார்.

எல்லோரும் 36 செ.மீ. என்று எழுதினார்கள். வெண்மதி மட்டும் பூஜ்யம் என்று எழுதியிருந்தாள்.

"அப்ப உன் மார்க்கும் பூஜ்யம்தான்!"

"அளந்து பாருங்க டீச்சர்."

டீச்சர் தன் பையிலிருந்த மல்லிகைச் சரத்தை மேசையில் நீட்டி, ஸ்கேல் வைத்து அளந்தார். சரியாக 180 செ.மீ. இருந்தது.

"எங்கம்மாவுக்கு கம்பெனி மெஷின்ல வெரலெல்லாம் போயிடுச்சு டீச்சர். அதான் நாலு மொழம் கேட்டா அஞ்சு தடவ அளப்பாங்க."

டீச்சர் ஸ்கேலைக் கீழே வைத்தார்.

"நானும் பக்கத்துலதான் நின்னேன். நீங்க செல்லுல பேசிக்கிட்டே இருந்தீங்க டீச்சர், எண்ணல."